வாசிப்பு வைக்காத வீடு

மன்னிக்க வேண்டும், ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் இப்படித் தோளோடு தோள் இடிக்க உட்கார வைத்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது காதில் விழக்கூடாது என்றால் எப்படி? வீடு வாங்குகிறீர்கள், இல்லையா? "வக்கீலெல்லாம் அந்த ஊர்லயே ஒருத்தரைப் பார்த்துக்கலாம்" என்றீர்களே, அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வேண்டாம். உள்ளூர் வக்கீல் மட்டும் வேண்டாம். பாவூர்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் வீடு வாங்கிச் சீரழிந்து, இன்றைக்கு அதை விற்றுத் தொலைக்க அக்ரிமென்ட் போடப் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறவள் சொல்கிறேன். ஆலங்குளமே இன்னும் வரவில்லை. கேளுங்கள்.

என் பெயர் சுபாஷிணி. சொந்த ஊர் திருச்சி. படித்தது முழுக்கக் கான்வென்டில். என் கணவர் பிரேம் காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினீயர். மிருதுளா பிறந்தபோது வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "துணி காயப்போடுத கொடிய மாத்திக் கட்டுங்க" என்பார். அந்தக் குரல் கேட்கக்கூடாது என்றுதான் சொந்த வீடு தேடினோம். கிடைத்தது. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. விற்றவர் பரமகுரு அண்ணாச்சி. மகனோடு இருக்கப் போகிறேன் என்று திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு வக்கீல். ஆவுடையப்பன். உரக்கடைக்கு மேலே ஆபீஸ். படியேறும்போதே யூரியா நெடி. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனால், அந்த மனிதர் பரமகுரு அண்ணாச்சியிடம் போனில், "சரி மச்சான், வைக்கட்டா" என்கிறார். மச்சான்! விற்கிறவருக்கு மைத்துனர், வாங்குகிறவருக்கு வக்கீல். நீங்களே சொல்லுங்கள்.

"உக்காருங்கம்மா. வாசிப்பு என்னைக்கு வச்சிக்கிடுவோம்?" என்றார்.

"என்ன வாசிப்பு?"

அந்த ஊரில் ஒரு வழக்கம். ரிஜிஸ்டர் பண்ணுவதற்கு முன்னால், எழுதின பத்திரத்தை விற்கிறவர் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து வக்கீல் சத்தமாக வாசிப்பாராம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, நாலு எல்லைக்காரர்கள் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பார்களாம். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, "யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கா?" என்று கேட்பாராம். இல்லையென்றால் எல்லாருக்கும் கற்கண்டு.

"பத்திரத்துல வராததெல்லாம் வாசிப்புல வந்துரும்மா" என்றார் ஆவுடையப்பன். "இந்த ஊர்ல வாசிப்பு இல்லாம ஒருத்தரும் வீடு வாங்குனது இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பெயர், எங்கள் அப்பாக்கள் பெயர், என்ன விலை, எவ்வளவு கடன், எல்லாவற்றையும் தெருவே உட்கார்ந்து கேட்டுக் கற்கண்டு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமா? எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உதடு அசைந்தாலே சிஸ்டர் ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டுவார். கண்ணால் படிக்க வேண்டும், வாயால் அல்ல. படித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அதுதான் வித்தியாசம் என்பார். ஆவுடையப்பன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை சிணுங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிறகுதான் எட்வின் சாரைக் கண்டுபிடித்தேன். பாளையங்கோட்டை. என் கிளாஸ்மேட்டின் சித்தப்பா. ஏ.சி. ஆபீஸ். போனை எடுத்தால் "குட் மார்னிங்" என்பார். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, எல்லாவற்றையும் வாங்கி வரிவரியாகப் பார்த்தார், மனதுக்குள்ளேயே, உதடு அசையாமல். "டைட்டில் இஸ் க்ளீன்" என்று ஆங்கிலத்தில், கெட்டித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டை வந்து பார்க்கிறீர்களா சார் என்று பிரேம் கேட்டதற்கு, "வீட்டைப் பார்க்க நான் என்ன கொத்தனாரா?" என்று சிரித்தார். நியாயம்தானே?

வெளியூர் வக்கீல் என்றால் பரமகுரு அண்ணாச்சி முகம் சுளிப்பாரோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க படிச்சவங்க தங்கச்சி. உங்க இஷ்டம்போல வெளியூர் வக்கீலே பாருங்க. எங்களுக்கு என்ன ஆட்சேபணை? ஊர்க்காரங்களக் கூட்டி வச்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்." எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன். அந்த ஊரிலேயே நாகரிகமாகப் பேசினவர் அவர் ஒருவர்தான். வாசிப்பு வைக்கவில்லை. கற்கண்டு கொடுக்கவில்லை. நேராக ரிஜிஸ்டர் ஆபீஸ், கைரேகை, சாவி. முடிந்தது.

இந்தாருங்கள், தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா? சரி.

பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பின்கட்டுக் கதவில் சாவி திரும்புகிற சத்தம். பிரேம் பக்கத்தில் தூங்குகிறார். சாவி எங்கள் இரண்டு பேரிடம்தானே இருக்கிறது? குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். போய்ப் பார்த்தால், ஐம்பது வயதிருக்கும், கறுத்து உயர்ந்த ஒரு பொம்பளை. தலையில் பை, கையில் பை. பைகளை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்து அவள் கேட்கிறாள்:

"யாரும்மா நீ? எங்கண்ணன் வீட்ல என்ன செய்யுத?"

மாடத்தி. பரமகுருவின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அவர்கள் அப்பா சாகும்போது எல்லாரையும் கூட்டிவைத்து, பின்கட்டு மாடத்திக்கு, அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது என்று வாயால் சொல்லிவிட்டுப் போனாராம். வாயால்! நாங்கள் வீடு பார்க்க வந்தபோதும் ரிஜிஸ்டர் பண்ணினபோதும் அவள் ஊரில் இல்லை. மருமகளுக்குப் பிரசவம், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் என்று அண்ணன்தான் திருப்பூருக்கு அனுப்பியிருக்கிறார். பிறகு தானும் அங்கே போனவர், வீட்டை விற்றதை அவளிடம் மூச்சுவிடவில்லை. பின்கட்டில் கிடந்த கட்டிலையும் தகரப்பெட்டியையும் பார்த்து, வீடு பார்க்கும்போதே நான் கேட்டேன். பழைய சாமான் என்றார்.

நாங்கள் வாங்கிவிட்டோம் என்று சொன்னோம்.

"வித்துட்டானா? வீட்ட மட்டும் வித்தானா, என்னையும் சேத்து வித்தானா?" என்றாள். பிறகு பையைப் பிரித்து, அரிசியை எடுத்து, அவள் பாட்டுக்கு உலை வைத்துவிட்டாள்.

நான் விட்டேனா? எட்வின் சாருக்குப் போன் போட்டேன். "கவலையே படாதீங்க மேடம். சட்டப்படி அந்த அம்மா அங்க இல்லவே இல்லை" என்றார். அவ்வளவு தெளிவாகச் சொல்கிற வக்கீல் உங்களுக்கு எங்கே கிடைப்பார்? ஆனால் சட்டப்படி இல்லாத அந்தப் பொம்பளை என் வீட்டுப் பின்கட்டில் கருவாடு வறுக்கிறாள். ஹால் வரைக்கும் நாறுகிறது.

போலீஸுக்குப் போனோம். சிவில் கேஸ் என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த யூரியாப் படியை மறுபடி ஏறினேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஆவுடையப்பனிடம் சத்தம் போட்டேன்.

"நீங்க என்ன எனக்கு வக்காலத்தா குடுத்தீய?" என்கிறார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "மாடத்தி பேர எடுக்கப் போனேன். அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டிய. வாசிப்பு வச்சிருந்தா முத பத்தியிலயே அவ எந்திரிச்சு நின்னுருப்பா. பரமகுரு அவளுக்கு ஒரு எடத்தக் காட்டாம சாவியக் குடுத்துருக்க முடியாது. எனக்கு அவன் மச்சான்னா, அவ மதினிம்மா. ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்."

"கேஸ் போட்டா ஜெயிக்கலாமா?"

"போடலாம். இந்தத் தெருவுல ஒரு ஆளு ஒங்களுக்குச் சாட்சிக்கு வருவானான்னு கேட்டுட்டுப் போடுங்க."

பார்த்தீர்களா திமிரை? உள்ளூர் வக்கீல் என்றால் இதுதான். எல்லாம் தெரியும், சொல்ல மாட்டார்கள்.

அதற்கு அப்புறம் காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியுமே. காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடை. பிரேம் சைட்டிலேயே கிடந்தார். போன் பண்ணினால், "இருந்துட்டுப் போகட்டுமே சுபா, பின்கட்டு நமக்கு எதுக்கு?" என்பார். இவருக்கென்ன? அவள் வாயில் விழுகிறவள் நான்தானே? என் சாம்பாரை எட்டிப் பார்த்து, "இது சாம்பாரா, மஞ்சத் தண்ணியா?" என்பாள். குழந்தையைக் குளிப்பாட்டினால், "கோழியவா கழுவுத? கால நீட்டி அதுல கெடத்தும்மா" என்பாள். நடுக்கட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். வெளியே சுற்றி வந்து வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி, "திருச்சியில இருந்து வந்து எனக்கு வாசலக் காட்டுதாளாம்" என்று கத்தினாள். எதிர் வீட்டுக்காரி என்னோடு அன்றைக்கு விட்ட பேச்சு, இன்று வரைக்கும் இல்லை. கடைக்குப் போனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். தட்டில் பலகாரம் கொடுத்தனுப்பினேன், தட்டு மட்டும் கழுவித் திரும்பி வந்தது.

காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள்தான் வருகிறாளோ என்று குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவள் கையில் சாவி. என் கையில் குழந்தை. அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பெற்றவளுக்குத்தான் தெரியும்.

இதில் கொடுமை என்னவென்றால், மிருதுளா அவளைப் பார்த்தால் தவழ்ந்து ஓடுகிறாள். பேர் வாயில் நுழையவில்லை என்று அவள் ராசாத்தி என்றுதான் கூப்பிடுவாள். இதுவும் திரும்பிப் பார்க்கிறது! ஒருநாள் தூக்கி முத்தம் கொடுத்தேன், வாயில் கருவாட்டு வாடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த மத்தியானம் நடந்தது இருக்கிறதே.

குழந்தை விடிய விடியத் தூங்க விடவில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில் அதைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்தேன். கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். ஒரு நிமிஷம் கண் அசந்திருப்பேன், அவ்வளவுதான். யாரோ கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது. விழித்தால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. தொட்டில் காலி. ஜன்னல், கதவு எல்லாம் விரியத் திறந்து கிடக்கிறது. தடுமாறிக்கொண்டு வெளியே ஓடினேன். கிணற்றங்கரை முருங்கை மரத்தடியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் குழந்தை. முந்தானையால் அதன் முகத்துக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள்.

"உள்ள போவாத! லைட்டுக் கிட்ட கைய வைக்காத! பால் பொங்கி அடுப்பு அவிஞ்சுபோய் வீடு பூரா கேஸு. எத்தன மட்டம் ஒன்ன அடிச்சு எழுப்புனேன், பொணம் மாதிரி கெடக்க. நீயெல்லாம் ஒரு புள்ளைய வச்சு வளக்கே!" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறாள். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. என் குழந்தையை வைத்துக்கொண்டு.

பால் வைத்தேன் என்பது உண்மை. அது பொங்கியிருந்ததும் உண்மை. நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகக் கேட்காமல் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா? தாய் கண் விழிக்கும்போது தொட்டில் காலியாக இருந்தால் அவள் உயிர் இருக்குமா போகுமா? வெடுக்கென்று பிடுங்கினேன். குழந்தை வீரிட்டு அழுதது, அவள் பக்கம் கையை நீட்டிக்கொண்டு. நான் அதன் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இந்த வீடு வேண்டாம்.

தெருவில் யாரும் வாங்க மாட்டார்கள், தெரியும்தானே. ஆன்லைனில் போட்டோ போட்டேன். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல பெண். அவளும் கைக்குழந்தைக்காரிதான். முற்றத்தைப் பார்த்ததும், "பாப்பா இங்க தவழ்ந்து விளையாடலாம்" என்று கண்ணெல்லாம் விரித்தாள். பாவம், ஃப்ளாட்டிலேயே அடைந்து கிடந்தவள் போலிருக்கிறது.

மாடத்தியா? அன்றைக்கு அவள் இல்லை. நான்தான் முந்தின நாளே திருச்செந்தூருக்கு அனுப்பிவைத்தேன். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கொடுத்து, "கேஸ் கசிஞ்சதுல பாப்பா பிழைச்சதுக்கு நேர்ந்துக்கிட்டேன். என்னால அலைய முடியாது, நீங்க போய் நிறைவேத்திட்டு வாங்கக்கா" என்றேன். முதல் முறையாக அக்கா என்று கூப்பிட்டேன், அதுக்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலில் அங்கப்பிரதட்சணம் செய்துவிட்டு முழங்கை தேய்ந்து வந்தாள். விபூதியைக் குழந்தை நெற்றியில் அப்பிவிட்டாள். நான் தடுக்கவில்லை. என்ன இருந்தாலும் பிரசாதம்.

பின்கட்டில் கட்டிலையும் தகரப்பெட்டியையும் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள். பழைய சாமான் என்றேன்.

ஒரு நிமிஷம். போன். அவள்தான், சென்னைக்காரி.

ஹலோ, சொல்லும்மா... ஆமா, பஸ்லதான் இருக்கேன்... எதிர் வீட்டு அம்மாவா? உன்கிட்டயா பேசினாங்க?... வாசிப்பா? அய்யோ, அது ஒண்ணும் இல்லம்மா, பழைய காலத்துப் பழக்கம். உன் பேரு, உன் வீட்டுக்காரர் சம்பளம், லோன் எல்லாத்தையும் ஊர் நடுவுல உரக்கப் படிப்பாங்க. உனக்குப் பிடிக்குமா? நீ படிச்சவ... ஆவுடையப்பனா? வேண்டாம்மா, அவர் எங்களுக்கு வித்தவருக்கு மச்சான். எட்வின் சார் உங்களுக்கும் சேர்த்தே பார்த்துத் தருவார், பேப்பர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. இல்ல, உங்க இஷ்டம்போல வேற வெளியூர் வக்கீலே பாருங்க. எங்களுக்கு என்ன ஆட்சேபணை? ஊர்க்காரங்களக் கூட்டினா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க... சரிம்மா. பாப்பாவுக்கு ஜலதோஷம் சரியாப் போச்சா? ஆவி பிடிக்காத, சின்னக் குழந்தை. சரி, சரி. வச்சிடறேன்.

நல்ல பெண். கொஞ்சம் பயந்த சுபாவம்.

எதில் விட்டேன்? ஆம், வக்கீல். அதனால்தான் சொல்கிறேன், எட்வின் சாரையே பாருங்கள். அவர் பேப்பரை மட்டும்தான் பார்ப்பார். அனாவசியமாக யார் வீட்டு விஷயத்திலும் தலையிட மாட்டார். எனக்கு வாங்கும்போதும் பிரச்சினை இல்லை, விற்கும்போதும் பிரச்சினை இல்லை. நம்பர் தரட்டுமா? வேண்டாமா? பிறகு வருத்தப்படாதீர்கள்.

என்ன கேட்டீர்கள்? குழந்தையா?

வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வெயிலில் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? பிரேம் சைட்டில் இருக்கிறார். தெருவில் ஒருத்தரோடும் பேச்சு இல்லை.

மாடத்தியிடம்தான் விட்டிருக்கிறேன். வேறு யாரிடம் விடுவது? சாயங்காலம் வரைக்கும் அழாமல் வைத்திருப்பாள், அந்த விஷயத்தில் நம்பலாம். கிளம்பும்போது எங்கே போறே என்று கேட்டாள். திருநெல்வேலிக்கு, பாப்பாவுக்கு கவுன் எடுக்க என்றேன். "செவப்பா பாத்து எடு. எங்க ராசாத்திக்குச் செவப்புத்தான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, வாசல் வரைக்கும் வந்து, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள்?

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எட்வின் சார் ஆபீஸில் கையெழுத்து முடிந்ததும் கடைக்குப் போய் ஞாபகமாக ஒரு சிவப்புக் கவுன் எடுக்க வேண்டும். வெறுங்கையோடு போய் நின்றால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.